கறுப்பு வெள்ளையில் என் கணவர்

எங்கள் தூள் நன்றாக இருக்கிறது என்பதில் சூப்பர்மார்க்கெட்டின் கொள்முதல் அதிகாரிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தன் வீட்டுக் குளியலறைக் குழாயில் போட்டுப் பார்த்திருந்தார். பல வருடமாகப் படிந்து கெட்டியாகியிருந்த உப்பு கழன்று விழுந்ததாகவும், குழாயில் தன் முகம் தெரிந்ததாகவும் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தார். முகம் தெரிந்ததில் வருத்தமா, தூள் வேலை செய்ததில் வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சரக்குல குறையே இல்ல மேடம். ஆனா கதை எங்க?"

"எந்தக் கதை சார்?"

"உங்க கதை. இத ஏன் ஆரம்பிச்சீங்கங்கற கதை."

"குழாய்ல உப்பு படிஞ்சிருந்துச்சு. அதான்."

அவர் டப்பாவைத் திருப்பி அதன் முதுகை எனக்குக் காட்டினார். உபயோகிக்கும் முறை, எச்சரிக்கை, எங்கள் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. மூலையில் காலியாக இருந்த இடத்தை விரலால் தட்டினார். அங்கே ஒரு கட்டம் அச்சாக வேண்டும். வாங்குபவர் அதன் மேல் கைப்பேசியைக் காட்டினால் நிறுவனர் அதன் திரையில் தோன்றிப் பேச வேண்டும். பேசும்போது ஓர் இடத்திலாவது குரல் உடைய வேண்டும். இப்போது அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் இதுதான் விதி. கதை இல்லாத சரக்கை அலமாரியில் ஏற்றுவதில்லை, தீப்பெட்டி உட்பட.

"தீப்பெட்டிக்கு என்ன சார் கதை?"

"பாத்தா அழுதுருவீங்க" என்றார் அவர்.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருந்த சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக மூடி, அந்த சூப்பர்மார்க்கெட்டின் கிளைகளாகத் திறந்துகொண்டிருந்தன. அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால் தூளை நாங்களே வைத்துக்கொண்டு எங்கள் குழாய்களையே தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே அவர் கொடுத்த முகவரியை வாங்கிக்கொண்டேன். நிறுவனர் கதை மேம்பாட்டு மையம்.

தூளின் பெயர் 'போயே போச்சு'. நான் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, அவமானப்படுத்தவில்லை. ஒரு விடுமுறை நாளில் சோடாவையும் எலுமிச்சை உப்பையும் இன்னும் இரண்டு சாமான்களையும் கலந்து எங்கள் வீட்டுக் குழாயில் பூசிவிட்டு, பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அது மெல்ல நுரைத்தது. வெள்ளை விளிம்பு ஒன்று சத்தமில்லாமல் உடைந்து விழுந்தது. அதைப் பார்த்தபோது எனக்குள் வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிதில்லை. ஆனால் அதில் வேறு யாருடைய கைரேகையும் இல்லை. ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட சந்தோஷங்கள் அதிகம் கிடைப்பதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அடுத்த மாதம் வேலையை விட்டேன்.

மையத்தில் எல்லா நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது. சுவர் முழுக்கப் பெரிய நிறுவனர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கள் குழுவில் மெழுகுவத்தி செய்யும் ஒரு பெண்ணும், காலுறை விற்கும் ஒரு பெரியவரும், இன்னும் சிலரும் இருந்தோம். இயக்குநர் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, நெஞ்சில் ஒரு கை. அந்தக் கை கூட்டம் முடியும்வரை அங்கிருந்து இறங்கவே இல்லை.

"இங்க யாரும் பொருள் விக்க வரல" என்று ஆரம்பித்தார். "பொருள் வித்தவங்க எல்லாம் கடையச் சாத்திட்டுப் போயாச்சு. நாம விக்கறது காயம். காயத்தக் காட்டுங்க, பணம் தானா வெளிய வரும். ஒவ்வொரு மனுஷனுக்குள்ளயும் ஒரு துயரப் புள்ளி இருக்கு. அதக் கண்டுபிடிக்கறதுதான் எங்க வேலை. சிலருக்கு இருக்காது. அவங்க பயப்பட வேணாம். நாங்க பொருத்தித் தருவோம்."

வீட்டுக்கு மின்விசிறி பொருத்துவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

முதலில் காலுறைக்காரரை அழைத்தார்கள். அவருடைய வீடு எரிந்துபோயிருந்தது. சொல்ல ஆரம்பித்ததுமே அழுதார். மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, நடுவில் விக்கல் வந்தது. எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உணர்ச்சி ஆலோசகர் என்ற பதவியில் இருந்த இளம்பெண் அவர் அருகில் போய் மண்டியிட்டாள்.

"சார், நீங்க நெஜமா அழறீங்க. அதான் பிரச்சினை. பாக்கறவங்க முகத்தத் திருப்பிக்குவாங்க."

"என் வீடு நெஜமாவே எரிஞ்சுதும்மா."

"தெரியுது சார். ஆனா நம்பற மாதிரி இல்ல."

மையத்தில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு குழுவில் ஒரு துயரத்தை ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள், யாருடைய சரக்குக்குப் பொருந்துகிறதோ அவருக்கு. காலுறைக்கும் நெருப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் எரிந்த வீட்டை மெழுகுவத்திக்காரிக்குக் கொடுத்தார்கள். அவளுக்குக் கண்ணீர் ஒரு கண்ணிலிருந்து மட்டும், நேர்கோட்டில் வந்தது. காலுறைக்காரருக்குக் குளிரில் நடுங்கிய குழந்தைப் பருவம் ஒதுக்கப்பட்டது.

"எரிஞ்சது என் வீடுங்க" என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

என் முறை வந்தபோது ஆலோசகர் என்னைத் தனி அறைக்கு அழைத்துப்போனாள்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?"

"டீ குடிப்பார்."

"கை நீட்டுவாரா?"

"நீட்டுவார். டீ இன்னும் இருக்கான்னு."

அவள் சிரிக்கவில்லை. "மாமியார்?"

"டப்பாக்கு மூடி போடறது அவங்கதான்."

"கட்டாயப்படுத்தி வேலை வாங்கறதா உங்களுக்கு உள்ள ஒரு குற்ற உணர்ச்சி இருக்கா?"

"இல்லியே. நான் போட்டா கோணலாப் போகுதுன்னு அவங்களே பிடுங்கிக்கிட்டாங்க."

"கடைசியா எப்ப அழுதீங்க?"

"தூள் கண்ணுல பட்டப்ப."

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மேடம், உங்களுக்கு ரொம்ப ஆழமான பிரச்சினை இருக்கு. உங்களுக்குப் பிரச்சினையே இல்ல."

பேருந்தில் திரும்பும்போது உண்மையாகவே தேடிப் பார்த்தேன். கைப்பைக்குள் சாவி துழாவுவதுபோல எனக்குள் துழாவினேன். கிடைக்காமல் இல்லை. அப்பா என் பாட்டைக் கேட்காமலே செய்தித்தாள் படித்த ஒரு மாலை. ஒரு தோழி காரணம் சொல்லாமல் பேசுவதை நிறுத்தியது. கலைந்துபோன ஒரு கர்ப்பம், அதைப் பற்றி நானும் என் கணவரும் ஒருவரோடொருவர் பேசியே முடித்துவிட்ட விதம். எல்லாம் இருந்தன. ஆனால் அவை தூள் டப்பாவின் முதுகுக்கு வர மாட்டேன் என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தன. நானும் அவற்றைக் கூப்பிடவில்லை.

படப்பிடிப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவுடனே ஒரு சிக்கல். எங்கள் வீட்டுக் குழாய்களில் உப்புக்கறை இல்லை. கேமராக்காரர் குளியலறை, சமையலறை, மொட்டைமாடித் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கடைசியில் வண்டியிலிருந்து சுண்ணாம்புக் கட்டி எடுத்துவந்து குழாய்களில் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பார்க்கும்போதே சீட்டு எடுத்தாயா என்று கேட்பதுபோலத்தான் பார்ப்பார்.

"ஏம்பா, கறை எடுக்கற தூளுக்கு விளம்பரம். கறையையும் நீங்களே கொண்டு வர்றீங்களா?"

"ஒரு எஃபெக்டுக்கும்மா" என்றார் கேமராக்காரர். அத்தையின் பார்வையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அம்மா, இதே மாதிரி, அப்படியே கதவுகிட்ட நின்னு மருமகள முறைங்க."

"எதுக்கு முறைக்கணும்?"

"அவங்க தொழில் தொடங்கறது உங்களுக்குப் பிடிக்கல."

"பிடிக்காமயா மூடி போட்டுட்டிருக்கேன்?"

"அது கதைல வராதும்மா."

"அப்ப கதைல டப்பா தொறந்தேவா கெடக்கும்?"

கேமராக்காரர் பதில் தேடுகிற நேரத்தில் அத்தை அவரை முறைத்தார். அதைப் படமெடுத்துக்கொண்டார்கள்.

என் கணவரை வாசல் வழியாக வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒத்திகை சரியில்லை என்று மறுபடி போகச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து மறுபடி போனார். அப்படியே வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு என்னைச் சுண்ணாம்பு பூசிய குழாயின் பக்கத்தில் நிறுத்தி, அவர் போன பிறகு நான் என்ன செய்வேன் என்று ஆலோசகர் கேட்டாள். "தனியா நின்னு தூள் கலக்குவேன்" என்றேன். அது உண்மை. கிளம்பும்போது, என் கணவர் சிரிக்கிற மாதிரி ஒரு புகைப்படம் கேட்டாள். கொடுத்தேன். நன்றாகச் சிரித்திருந்த படம்.

வீடியோ வெளியான அன்று காலை நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தோம். பியானோ ஒலித்தது. அத்தை கதவருகில் நின்று முறைத்தார். என் கணவர் பையோடு வெளியே போனார். அவருடைய சிரித்த முகம் திரை முழுக்க வந்தது. பிறகு அந்த முகத்திலிருந்து நிறம் மெல்ல வடிந்தது. கறுப்பு வெள்ளையான படம் மேல்நோக்கி நகர்ந்து, வெளிச்சத்தில் கரைந்தது. நான் வந்து, "தனியா நின்னேன்" என்று நினைக்கும்படியாக, "தனியா நின்னு" என்றேன். அங்கே என்னை வெட்டியிருந்தார்கள். அடுத்து தூளின் பெயர் திரையில் விழுந்தது. போயே போச்சு.



"போட்டோ நல்லா வந்திருக்கு" என்றார் என் கணவர்.

"டேய், உன்னக் கொன்னுட்டாங்கடா" என்றார் அத்தை.

"இல்லம்மா. கறுப்பு வெள்ளையாத்தான் ஆக்கியிருக்காங்க."

"கறுப்பு வெள்ளையாகி மேல போனா அதுக்கு வேற என்னடா பேரு?"

மதியத்துக்குள் அழைப்பு மணி அடித்தது. கணவரே போய்க் கதவைத் திறந்தார். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் மலர்வளையத்தோடு நின்றார். கதவு திறந்ததும் ஏறிட்டுப் பார்க்காமலே அவரைக் கட்டிக்கொண்டு, "எப்படிடா தாங்கிக்கற?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் துக்கம் விசாரிக்க வந்தவர் உடனே திரும்பிப் போவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே வந்து உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். இறந்தவர் எவ்வளவு நல்லவர் என்று இரண்டு சம்பவங்கள் சொன்னார். என் கணவர் ஒன்றைத் திருத்தினார். கிளம்பும்போது, "வளையத்த வெச்சுக்கடா, கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பழுதாகி நின்ற லிஃப்டைச் சரி செய்ய என் கணவர் போனார். உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டு, பொழுது போகாமல் கைப்பேசியில் எங்கள் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் மேல்மூடியைத் திறந்து தலையை நீட்டி, "பயப்படாதீங்கம்மா, நான் மேலதான் இருக்கேன்" என்றிருக்கிறார். அவள் மயங்கி விழுந்தாள். தெளிந்த பிறகு ஒரு பெட்டி தூள் வாங்கினாள்.

விற்பனை ஏறியது. எல்லாக் கிளைகளிலும் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நான் மையத்துக்குப் போனேன்.

"நாங்க எங்கயாவது அவர் செத்துட்டார்னு சொன்னோமா மேடம்?" என்றார் இயக்குநர், கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல். "கறுப்பு வெள்ளைங்கறது ஒரு நிறம்."

"மேல போறாரே."

"மேல போறது வளர்ச்சி. அவரச் சாகடிச்சது பாக்கறவங்க. பாக்கறவங்களோட உரிமைல நாங்க தலையிட முடியாது. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கறது உங்க தனிப்பட்ட விஷயம். அத நாங்க முழுசா மதிக்கறோம். நீங்களும் அதத் தனிப்பட்டதாவே வெச்சுக்கிட்டா நல்லது."

"அப்படின்னா?"

ஆலோசகர் மெல்லிய குரலில் விளக்கினாள். மையத்தின் ஆண்டு விழா வரைக்கும் அவர் முன்வாசல் வழியாக வராமல் இருந்தால் போதும். பால்கனியில் நாங்கள் சேர்ந்து நிற்கலாம், ஆனால் சிரிக்க வேண்டாம்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அலமாரி கண்ணில் நின்றது. விழா முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பொய்யை நாம் சொல்லாதவரை அது நம்முடையது இல்லை என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. மனம் போடும் கணக்குகளில் விடை முதலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

டப்பாவின் முதுகில் இருந்த எண்ணுக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன. பெரும்பாலும் ஆறுதல். சிலர் மறுமணம் பற்றிக் கேட்டார்கள், ஒருவர் தன்னையே சிபாரிசு செய்தார். ஒரு பிற்பகலில் அவசரமில்லாத ஒரு பெண் குரல் வந்தது.

"தூள் வாங்கினேன்மா. வீடியோவும் பாத்தேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"உங்க வீட்டுக்காரர் செருப்ப என்ன பண்ணீங்க?"

நான் வாசலைப் பார்த்தேன். அவருடைய செருப்பு வழக்கம்போல ஒன்று நேராகவும் ஒன்று குப்புறவும் கிடந்தது. காலையில்தான் அதற்காக அவரைத் திட்டியிருந்தேன்.

என் மௌனத்தை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "எனக்கும் தெரியலம்மா. அதான் கேட்டேன். துணியெல்லாம் குடுத்துட்டேன். செருப்ப மட்டும் யாருக்கும் குடுக்க மனசு வரல. வெளியவே கெடக்கு. தினமும் அதத் தாண்டித்தான் போறேன்."

"உம்" என்றேன்.

"நீங்க உம் கொட்டறதே போதும். மத்தவங்க எல்லாம் ஏதாவது சொல்றாங்க."

அவள் அதன் பிறகும் கூப்பிட்டாள். தன் கணவரைப் பற்றிப் பேசினாள். அவர் குளித்த பிறகு வாளியைக் கவிழ்க்க மாட்டாராம். நான் ஒவ்வொரு முறையும் உம் கொட்டினேன். போனை வைத்த பிறகு என் கணவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. யாருடைய பொருளையோ எடுத்துவந்து வீட்டில் வைத்திருப்பதுபோல. காலுறைக்காரரின் நெருப்பை வாங்கிக்கொண்ட மெழுகுவத்திக்காரிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. அவளாவது ஒரு கண்ணால் அழுதாள்.

விழாவுக்கு என்னைத் தனியாக வரச் சொல்லியிருந்தார்கள்.

"எம்புள்ள செத்ததுக்கு விழா எடுக்கறாங்க, நான் இல்லாமயா?" என்று அத்தை கிளம்பினார். "டேய், நீயும் வா. சட்டையத் தேய்ச்சுப் போடு."

அரங்கம் நிறைந்திருந்தது. மெழுகுவத்திக்காரி எரிந்த வீட்டைச் சொல்லிப் பரிசு வாங்கினாள். காலுறைக்காரர் கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார். பிறகு திரையில் என் கணவர் நிறம் வடிந்து மேலே போனார், அரங்கம் மூக்கை உறிஞ்சியது, என்னை மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசையில் கொள்முதல் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "என் வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்" என்றேன். "எங்க அத்தை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் சந்தோஷமா இருந்தப்பதான் இத ஆரம்பிச்சேன். இன்னும் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

இயக்குநர் மெல்ல என் அருகில் வந்தார்.

"நண்பர்களே" என்றார். அவர் குரல் சரியான இடத்தில் உடைந்தது. "மறுப்பு. இழப்ப மனசு ஏத்துக்கல. துயரத்தோட முதல் படி அது. நம்ம கண் முன்னாடியே நடக்குது."

எல்லோரும் ஒரே மூச்சாக உச்சுக் கொட்டினார்கள். ஆலோசகர் காகிதக் கைக்குட்டைகளோடு ஓடிவந்தாள்.

"மறுப்பு இல்லீங்க. அதோ, கடைசி வரிசைல உக்காந்திருக்கார்" என்று கை காட்டினேன்.

அரங்கமே திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பியது. முன்வரிசையில் ஒரு அம்மாள், "பாவம், கண்ணுக்குத் தெரியறாராம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

என் கணவர் கையைத் தூக்கிக் காட்டினார். பயனில்லை என்று தெரிந்ததும் எழுந்து, இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டபடி நடந்து, மேடை ஏறி என் பக்கத்தில் நின்றார். இயக்குநர் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை.

"இதோ. இவங்க கையப் பிடிச்ச புதுத் துணை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"மொதப் புருஷனும் நான்தாங்க" என்றார் என் கணவர் மைக்கில்.

"அந்த இடத்தையும் தானே நிரப்பறாராம். எவ்ளோ பெரிய மனசு பாருங்க" என்றார் இயக்குநர்.

கைதட்டல் கூடியது. அப்போது பின்வரிசையிலிருந்து அத்தை எழுந்து நின்று, பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கிற அந்தக் குரலில், "யோவ், அவனப் பெத்தவ நான் சொல்றேன், ஒரே பையன், ஒரே கல்யாணம்" என்றார்.

அவரை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. கதவருகில் நின்று முறைத்தவர். "வெளிய போ" என்று ஒரு குரல் வந்தது. "கொடுமக்காரி" என்றது இன்னொன்று. பிறகு அரங்கம் முழுவதும் கூச்சலிட்டது. யாரோ ஒரு தண்ணீர்ப் புட்டியை எறிந்தார்கள். அத்தை அசையாமல் நின்றார். ஆயிரம் பேர் பயணச்சீட்டு இல்லாமல் ஏறிவிட்ட பேருந்தில் தனியாக நிற்பவர்போல நின்றார். முறைக்கக்கூட இல்லை. அவர் கீழுதடு லேசாக நடுங்குவதை மேடையிலிருந்து நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் அதுவரை பார்த்திராத முகம் அது. அவர்கள் தேடிய துயரத்தை அவர்களே செய்து முடித்துவிட்டார்கள்.

நான் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்தேன். வெளியே வரும்வரை எங்கள் பின்னால் கேமரா வந்தது. மன்னிக்கும் மருமகள் என்று மறுநாள் இன்னொரு வீடியோ போட்டார்கள்.

அதை நீக்கச் சொல்லிக் கேட்டபோது இயக்குநர் பொறுமையாகவே பேசினார். "வாழ்க்கை உங்களோடது மேடம். கதை மையத்தோடது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அன்று பிற்பகல், செருப்பைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் கூப்பிட்டாள். அவள் ஆரம்பிக்கும் முன் நான் சொன்னேன். "அம்மா, அவர் இருக்கார். சாகல. வீடியோல அப்படிக் காட்டிட்டாங்க. நான் உங்ககிட்ட மொத நாளே சொல்லியிருக்கணும்."

அவள் வீட்டில் ஏதோ குழாய் சொட்டுவது கேட்டது.

"அப்ப நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றாள். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவளைத் திருப்பிக் கூப்பிட எண்ணிற்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வேன்? நான் எவ்வளவு வருந்துகிறேன் என்றா? அதைக் கேட்டு அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். என் துயரப் புள்ளிக்கு இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பதுபோல ஆகிவிடும். விரலை எடுத்துவிட்டேன். அவளைப்போல இன்னும் எத்தனை பேர் தூள் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்களோ. அவர்களுக்கு நான் கொடுக்க வேண்டியது வருத்தம் இல்லை, செய்தி.

ஸ்டிக்கர் அச்சடித்தோம். வாசகத்தை மேசையில் உட்கார்ந்து மூவருமாக முடிவு செய்தோம். 'இந்த வீடியோவில் கறுப்பு வெள்ளையில் வருபவர் நலமாக இருக்கிறார். மாமியார் நல்லவர். இது உப்புக்கறை எடுக்கும் தூள்.'

"நல்லவர்னு எல்லாம் போட வேணாம்" என்றார் அத்தை. "படிக்கறவங்களுக்கு சந்தேகம் வரும். 'மாமியார் மூடி போடுபவர்'னு போடு. அது போதும்."

அப்படியே போட்டோம். பெரிய கிளைக்குப் போய், எங்கள் அலமாரியின் முன் நின்று, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் ஒட்ட ஆரம்பித்தோம். அத்தை எடுத்துக் கொடுப்பார், நான் ஒட்டுவேன், என் கணவர் திருப்பி அடுக்குவார். கூடையோடு வந்த ஒருவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு என் கணவரிடம், "என்னங்க ஒட்டறீங்க?" என்று கேட்டார்.

"என் உடல்நிலைங்க" என்றார் அவர்.

காவலாளி வந்தார். பிறகு கிளை மேலாளர் வந்தார். வயது அதிகம் இருக்காது, கழுத்துப்பட்டை சரியாகக் கட்டத் தெரியாத முகம். சரக்கைத் தொடக் கூடாது என்றார். என் சரக்கு என்றேன். அலமாரி அவர்களுடையது என்றார். அலமாரியில் நான் ஒன்றும் ஒட்டவில்லையே என்றேன். அவர் காவலாளியைப் பார்த்தார், காவலாளி அத்தையைப் பார்த்தார், அத்தை காவலாளியைப் பார்த்தார். காவலாளி ஒரு அடி பின்னால் போனார்.

மேலாளர் என் பக்கத்தில் குனிந்தார். அவர் குரல் மாறியிருந்தது. மையத்தில் சொல்லித் தராத, பிறவிக் கனிவு அது.

"மேடம், ஏதாவது கஷ்டமா? வீட்ல எதாச்சும் நடந்துச்சா? சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் மேல பேசிப் பாக்கறேன்."

ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு துளி போதும். அவர் காவலாளியை அனுப்பிவிடுவார், தண்ணீர் கொண்டுவரச் சொல்வார், மேலிடத்தில் எனக்காக வாதாடுவார், எங்கள் டப்பாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தச் சில மாதங்களில் முதல்முறையாக என் கண் உண்மையாகவே நிறைந்தது. எந்தத் துயரத்தாலும் இல்லை, ஒரு மனிதர் அக்கறையாகக் கேட்டதால். நான் தலையைக் குனிந்து, அது வற்றும்வரை கையில் இருந்த டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் நடக்கல தம்பி" என்றேன். "நல்லா இருக்கோம்."

"அப்பறம் எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"நல்லா இருக்கோங்கறதத்தான் ஒட்டிட்டிருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் குழப்பமும், உதவ வழியில்லாமல் போனவரின் சிறு கோபமும் இருந்தன. "இப்படிப் பண்ணீங்கன்னா உங்க சரக்க மொத்தமா எடுத்துருவாங்க மேடம். எல்லா கிளைலயும்."

"எடுக்கட்டும். கீழ் வரிசை இன்னும் பாக்கி இருக்கு. கொஞ்சம் நகந்துக்கங்க."

அவர் நகர்ந்தார். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழ் வரிசையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.